ஆறாம் முறைச் சீட்டு

ஸிஃப்தா,
5 நவம்பர் 1993

பயூமி,

நலமா என்று கேட்கமாட்டேன். எண்ணெய்த் தொழிலாளர் முகாமில் எல்லோருக்கும் ரொட்டி சுடுகிறவன் பட்டினி கிடக்க வழியில்லை.

உன் உத்தரவை அப்படியே காப்பாற்றி வருகிறேன். மூன்றாம் மாதம் நடக்கிறது. விஷயம் உனக்கும் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். தையல் கூடத்தில் குமட்டிக்கொண்டு வந்தால், நேற்றுத் தின்ற உப்பு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வெளியே ஓடுகிறேன். நாலு தடவை சொல்லியாகிவிட்டது. நம் வீட்டில் வேறு எதுவும் சமைப்பதே இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டரம்மா இந்தத் தடவை கறாராகப் பேசினாள். "போன வருஷம் நாலாம் மாசத்துல கலைஞ்சுது. இப்ப ரத்த அழுத்தம் வேற ஏறுது. மருத்துவச்சியைக் கூப்பிட்டு வீட்டுலயே பாத்துக்கலாம்னு ஆசைப்படாதே, இன்ஷிராஹ். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். காசைச் சேர்த்து வை" என்றாள். மே முதல் வாரம் என்று கணக்கு. ஆஸ்பத்திரிக்கு எழுநூறு பவுண்ட், மருந்துக்கு அறுபது. ஏழாம் நாள் சடங்கை எவ்வளவு சுருக்கினாலும், மெழுகுவர்த்தி, மிட்டாய், வருகிறவர்களுக்குக் குடிக்க ஏதாவது என்று எண்பது ஆகிவிடும். மொத்தம் எண்ணூற்று நாற்பது.

கையில் இருப்பது நூற்று நாற்பது. நீ அனுப்புவதில் மாதம் இருபது மிச்சம் பிடிக்கலாம். துணி விஷயத்தில் செலவே இல்லை. பள்ளிச் சீருடை வெட்டிய துண்டுகளைக் கூடத்து ரதீபா அக்கா சும்மாவே தருகிறாள். எல்லாம் சாம்பல் நிறம். நம் குழந்தை பிறந்த கையோடு இரண்டாம் வகுப்புக்குப் போகலாம். மாடியில் ஆறு கோழிக்குஞ்சு விட்டிருக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு சூப்புக்கு ஆகும். என் வளையல்கள் போன வருஷமே போய்விட்டதால் அதைப் பற்றிப் பேச்சில்லை.

கூடத்தில் புதுச் சீட்டு தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஐம்பது. முறை வந்தவளுக்கு அறுநூறு. என் தையல் கூலியிலிருந்து கட்டிவிடலாம் என்று நானும் சேர்ந்துவிட்டேன். எனக்குப் பதினோராம் முறை.

இன்ஷிராஹ்


ராஸ் காரிப் முகாம்,
19 நவம்பர் 1993

என் வீட்டின் வெளிச்சமே, இன்ஷிராஹ்,

உன் கடிதத்தை மாவு பிசைகிற மேஜை மேல் வைத்து மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் அந்தப் பதினொன்று கண்ணில் பட்டது. பட்டதும் அடுப்பில் இருந்த ஒரு தட்டு ரொட்டி கருகிப்போனது.

நவம்பரில் முதல் முறை என்றால் பதினோராம் முறை செப்டம்பர். பிள்ளை வருவது மே. நாலு மாதம் உள்ளேயே இரு என்று பிள்ளையிடம் சொல்லப்போகிறாயா? உனக்குக் கணக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேனே!

ஏப்ரலில் முறை எடுத்திருந்தால் உன்னுடைய நூற்று நாற்பது, மே வரைக்கும் சேரும் நூற்று இருபது, சீட்டு அறுநூறு, ஆக எண்ணூற்று அறுபது. எல்லாம் தீர்ந்து இருபது பவுண்ட் மிச்சம். கல்யாணம், பிரசவம் என்றால் கேட்ட முறையைக் கொடுப்பதுதானே எல்லாச் சீட்டிலும் வழக்கம்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கோபத்தில் எழுதவில்லை. இங்கே கடல் அமைதியாக இருக்கிறது, நானும் அப்படித்தான் இருக்கிறேன். கனமான வாளியைத் தூக்காதே.

பயூமி


ஸிஃப்தா,
2 டிசம்பர் 1993

பயூமி,

வாயைத் திறந்திருப்பேன். திறக்காதே என்றது யார்? உன் செப்டம்பர் கடிதம் இதோ என் மடியில் இருக்கிறது. "நாலாம் மாதம் முடிகிற வரை ஒருத்தியிடமும் மூச்சு விடாதே. போன தடவை ஊரெல்லாம் சொன்னோம், கண் பட்டுவிட்டது." எழுத்து உன்னுடையதுதானே, வேறு பயூமி யாராவது எழுதினானா?

சீட்டு போட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன், கேள். ரதீபா அக்கா தேநீர்க் குவளையில் பன்னிரண்டு சீட்டுகளைச் சுருட்டிப் போட்டாள். குலுக்குவதற்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, ஆபரேஷனோ யாருக்காவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கடி. அப்புறம் வந்து என் தலையில மூக்கைச் சிந்தக் கூடாது" என்றாள். எல்லாரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். நானும் பார்த்தேன். "உனக்கு ஒண்ணும் இல்லையாடி?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். "எனக்கென்னக்கா, உப்பு மீனைத் தவிர" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கையை விட்டேன், பதினொன்று வந்தது.

ஏப்ரல் மாதத்து ஆறாம் முறை சிஹாமுக்கு வந்திருக்கிறது. உனக்குத் தெரியும், ஐந்து வருஷமாக என் பக்கத்து மிஷினில் உட்காருகிறவள். பிள்ளையில்லை என்று புருஷன் தள்ளிவைத்தபின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். சொந்தமாக ஒரு பழைய மிஷின் வாங்கி, தனி அறை எடுத்துப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

நாலாம் மாதம் முடியட்டும். எல்லாரிடமும் சொல்லிவிட்டு அவளிடம் மாற்றிக் கேட்கிறேன்.

இன்ஷிராஹ்


ராஸ் காரிப் முகாம்,
20 டிசம்பர் 1993

இன்ஷிராஹ்,

சரி, தப்பு என் பக்கம்தான். எழுதிக் கொடுத்துவிட்டேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். ஆனால் போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நிலைமையை நீ உள்ளேயிருந்து பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு எனக்கு எல்லாவற்றிலும் பயம்தான்.

ஜனவரி விடுமுறைக்கு வரப்போவதில்லை. அந்தப் பத்து நாளும் வேலை பார்த்தால் தொண்ணூறு பவுண்ட் கூடுதலாகத் தருகிறார்கள். மே விடுமுறையைத் தொடமாட்டேன். முதல் தேதியிலிருந்து பத்து நாள், பட்டியலில் என் பெயர் எழுதியாகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. முறை மாற்றுவதற்குச் சிஹாமை விட்டு வேறு யாரையாவது முதலில் கேட்டுப் பார். மார்ச் மாதத்துக்காரி இருப்பாளே? சிஹாம் நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்காகவே வாழ்க்கையை இழந்தவள். அவள் மனசு கெட்டது என்றில்லை, கண்ணுக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை. அவளிடம் கடைசியாகச் சொல்.

கோழிகளுக்கு அனுப்புவதற்காகக் காய்ந்த ரொட்டி ஒரு மூட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வருகிற லாரிக்காரன் கொண்டுவந்து தருவான்.

பயூமி


ஸிஃப்தா,
20 ஜனவரி 1994

பயூமி,

ரொட்டி மூட்டை வந்தது. கோழிகள் உன்னை வாழ்த்துகின்றன. நான் இன்று வாழ்த்துகிற நிலையில் இல்லை.

நீ சொன்னபடியேதான் செய்தேன். சிஹாமிடம் கடைசியாகச் சொன்னேன். முதலில் ரதீபா அக்காவிடம், பிறகு மார்ச் முறைக்காரியிடம். அவளுக்கு மகள் நிச்சயதார்த்தம், முடியாது என்றுவிட்டாள். மதியத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. வந்து கட்டிக்கொண்டார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், "உப்பு மீனா அது, கள்ளி!" என்று முதுகில் அடித்தார்கள். சிஹாம் மட்டும் காலர் தைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆறாம் முறையைக் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சாவது நடக்குது."

"அஞ்சு மாசமா என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, என் தட்டுல கை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு, எனக்குச் சொல்லல. மத்த எல்லாருக்கும் சொல்லி முடிச்ச அப்புறம் எங்கிட்ட வர்றே. அதுவும் முறை வேணும்னு."

"யாருக்குமே சொல்லல சிஹாம். போன தடவை அப்படி ஆயிடுச்சுன்னு பயம்."

"பயம் யாரைப் பாத்து? வாயால சொல்லு. இந்த மலடி கண்ணு பட்டு உன் வயிறு கருகிடும்னுதானே? என் மாமியார் அப்படித்தான் நினைச்சா. புள்ள பெத்த வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகமாட்டா. நீயுமாடி?"

அவள் மிஷினை மூடினாள். "முறையை மாத்த முடியாது. மிஷினுக்கு முன்பணம் கொடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த ஒரு வாரமாக வேறு மிஷினில் உட்காருகிறாள். நீ செலவுப் பட்டியலில் எதை வேண்டுமானாலும் அடி, சேர். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அவள் சொன்னது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லையே, அதுதான். நான் உன் பேச்சைக் கேட்டு மட்டும் மறைக்கவில்லை. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

இன்ஷிராஹ்


ராஸ் காரிப் முகாம்,
8 பிப்ரவரி 1994

இன்ஷிராஹ்,

அழாதே. அழுதால் அழுத்தம் ஏறும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள் இல்லையா? பணத்துக்கு வழி பிறந்துவிட்டது.

குளிர்பதன அறையைப் பார்த்துக்கொள்கிற வக்தி என்றொரு பையன். அவனுக்கு மே மாதம் ஐந்தாம் தேதி கல்யாணம். ஆனால் விடுமுறைப் பட்டியலில் அவன் பெயர் ஜூனில். அழாத குறையாக ஒவ்வொருவனிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தான். நூற்று ஐம்பது பவுண்டுக்கு என் விடுமுறையைக் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையாளர் முன்னால் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நான் ஜூனில் வருவேன்.

இப்போது பார். மே வரைக்கும் உன்னிடம் இருநூற்று அறுபது. என் ஜனவரித் தொண்ணூறு. இந்த நூற்று ஐம்பது. ஆக ஐந்நூறு. இன்னும் முந்நூற்று நாற்பதுதான் குறை. தலைமைச் சமையல்காரரிடம் முன்பணம் கேட்டிருக்கிறேன். அதைக் கொடுத்தால் சீட்டும் வேண்டாம், சிஹாமும் வேண்டாம். அவள் பணம் கலக்காமல் பிள்ளை பிறப்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

நான் பக்கத்தில் நின்று என்ன ஆகப்போகிறது? கத்தியைப் பிடிக்கப்போவது டாக்டரம்மாதானே. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் சம்பாதிப்பது, அதைச் செய்கிறேன்.

பயூமி


ஸிஃப்தா,
9 பிப்ரவரி 1994

பயூமி,

நாளை மறுநாள் ரமலான் தொடங்குகிறது. சந்துக்குக் குறுக்கே காகிதத் தோரணம் கட்டுகிறார்கள். அதற்குள் இதை உனக்கு எழுதியாக வேண்டும்.

நேற்று சிஹாம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "உள்ள வரலாமா, இல்ல இங்கேயே பேசிட்டுப் போகட்டுமா?" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தேன். என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதென்னடி, யானைக்கால் மாதிரி" என்று சொல்லி, தலையணையை எடுத்துக் காலடியில் வைத்தாள்.

பிறகு சொன்னாள்: "மிஷின்காரன் செப்டம்பர் வரைக்கும் வச்சிருக்கேன்னுட்டான். மிஷின் காத்திருக்கும், புள்ள காத்திருக்காது. ஆறாம் முறையை நீ எடுத்துக்க. பதினொண்ணை நான் எடுத்துக்கறேன். ரதீபா அக்காகிட்ட சொல்லிட்டேன்."

என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள்.

"உனக்காக இல்ல, உள்ள இருக்கிற அதுக்காக. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். புள்ள பொறந்ததும் ஊரெல்லாம் பாத்து முடிச்ச அப்புறம் வான்னு எனக்குச் சொல்லி அனுப்பாதே. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

அனுப்பமாட்டேன் என்றேன். செப்டம்பர் வரைக்கும் அவள் அண்ணி கையால் சாப்பிட வேண்டும், பயூமி. அந்த அண்ணி சோற்றைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். தெரிந்துதான் கொடுக்கிறாள்.

இனிமேல் ஒரு காசுக்கும் நீ அலைய வேண்டாம். மே முதல் தேதி பஸ் ஏறி வா, அது போதும். ஒவ்வொரு மாதமும் செலவுப் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் "பயூமி வருவது" என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். அதற்கு விலை போடவில்லை.

இன்ஷிராஹ்


ஸிஃப்தா,
22 பிப்ரவரி 1994

பயூமி,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. என் கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

விற்றுவிட்டாயா? என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? சீட்டுப் பணம் வந்தால் இருபது பவுண்ட் மிச்சம் என்று நீதானே கணக்குப் போட்டாய். தேவையே இல்லாத பணத்துக்கு என் பக்கத்தில் நிற்க வேண்டிய பத்து நாளைக் கொடுத்திருக்கிறாய்.

நீ நின்று என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறாய். என் அம்மா இல்லை. உன் அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியாது. போன தடவை நீ வராந்தாவில் நின்றாய் என்பது எனக்கு உள்ளே இருந்தே தெரியும். உன் இருமல் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் படுத்திருந்தேன்.

இன்று நோன்பு திறந்த பிறகும் ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இன்ஷிராஹ்


ராஸ் காரிப் முகாம்,
16 மார்ச் 1994

இன்ஷிராஹ்,

பெருநாள் முடிந்தது. இருநூறு பேருக்குப் பெருநாள் பிஸ்கட் சுட்டேன், ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.

வக்தியிடம் போனேன். நூற்று ஐம்பதைத் திருப்பித் தருகிறேன், மேலே ஐம்பதும் தருகிறேன் என்றேன். "அண்ணே, மண்டபத்துக்குக் காசு கட்டியாச்சு, பொண்ணு வீட்டுல ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப நான் போகலைன்னா வேற எவனாவது போய் உக்காந்துடுவான்" என்று அவன் அழுதான். மேற்பார்வையாளர் கையெழுத்தைக் காட்டினார். நான் என்ன செய்வேன்? முட்டாள்தான் நான். என் பயத்தில் எனக்குப் பணம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

இன்னொன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. சிஹாம் பெரிய மனசுக்காரி. அவள் காலைத் தொடச் சொன்னாலும் தொடுவேன். ஆனால் பிரசவத்தன்று அவளை உள்ளே விடாதே. என் சித்தப்பா மகன் மனைவியைக் கூப்பிட்டுக்கொள், அவள் நாலு பெற்றவள். சிஹாம் ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கட்டும். இந்த ஒன்றை மட்டும் எனக்காகக் கேள்.

பயூமி


ஸிஃப்தா,
28 மார்ச் 1994

பயூமி,

நீ உன் முறையை விற்றுவிட்டாய். அந்த இடத்தில் யார் நிற்பது என்று இனி நான்தான் முடிவு செய்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோழிகள் நன்றாகத் தின்கின்றன.

இன்ஷிராஹ்


ஸிஃப்தா,
6 மே 1994

பயூமி,

முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்து ரதீபா அக்கா சேதி சொல்லியிருப்பாள். பெண். இரண்டு கிலோ எழுநூறு. ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். உன் காதுதான், பாவம். எனக்குத் தையல் பிரிக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. தலையணையில் காகிதத்தை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக வரும்.

பணம் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எழுநூற்று இருபத்தைந்து ஆனது, ரத்தம் ஒரு பாட்டில் கூடுதலாக வேண்டியிருந்ததால். ஏப்ரல் முதல் தேதியே சீட்டுப் பணம் என் கையில் இருந்தது. இருந்ததால்தான் அன்றைக்கு யாரையும் தேடி ஓடாமல் நேராகப் போய்ப் படுக்க முடிந்தது. உன் நூற்று ஐம்பது அப்படியே இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை கூடத்திலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதி தைத்த பாவாடையை அப்படியே போட்டுவிட்டுச் சிஹாம்தான் என்னை டாக்ஸியில் ஏற்றினாள். படிவத்தில் உறவு என்ன என்று கேட்டார்கள். "தங்கச்சி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். உன் சித்தப்பா மகன் மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். நாலு பெற்றவள் சாயங்காலம்தான் வந்தாள்.

இனி எழுதப்போவதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன்.

நான் கண் விழித்தபோது நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். சிஹாம் போய் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பயூமி, நான் குழந்தையைப் பார்க்கவில்லை. சிஹாமின் கண்ணைத்தான் பார்த்தேன். அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று பார்த்தேன். நீ எழுதியதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குள் எழுந்து நின்றது. அவள் கொடுத்த பணத்தில் வயிறு கிழித்துத் தைத்துக்கொண்டு படுத்திருந்த நான் அதைத்தான் செய்தேன்.

அவள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. முகத்தை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காலால் தடவித் தடவி நடந்து வந்தாள். கட்டில் விளிம்பு முழங்காலில் இடித்ததும் குனிந்து, குழந்தையை என் மார்பில் வைத்தாள். தலையை நிமிர்த்தாமலே சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"பொண்ணாம். நர்ஸ் சொன்னா. நான் பாக்கல, பயப்படாதே."

பிள்ளையைப் பெறும்போது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. தையல் இழுத்தது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"சிஹாம், திரும்பு" என்றேன்.

"இருக்கட்டும்டி. மத்தவங்க வரட்டும்."

"திரும்புடி. என் பக்கம் திரும்பு."

திரும்பினாள். கண்ணை மட்டும் என் முகத்திலேயே வைத்திருந்தாள், கீழே இறக்கவில்லை. நான் துணியை விலக்கி, குழந்தையின் முகத்தை அவளுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். பயம் அப்போதும் இருந்தது, இருந்துகொண்டேதான் பிடித்தேன்.

"நல்லாப் பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள்.

இன்ஷிராஹ்